இருபத்தெட்டு அங்குலக் கதவு

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. எல்லாமே குழந்தைகளின் படக்கதைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவை போல இருக்கும். கூரைகள் தரையைத் தொடப் பார்க்கும். புகைபோக்கிகள் வேண்டுமென்றே கோணலாகக் கட்டப்பட்டவை. வாசற்கதவுகள் மேலே வளைந்து, குள்ளமாக, ஒடுங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக்லண்ட் நகரின் வேறு பகுதிகளிலிருந்து யாராவது காமிராவோடு வந்து நிற்பார்கள்.

ஏழாம் எண் வீட்டில் யூனிஸ் சில்வேரா நாற்பத்து நான்கு வருடங்களாக வாழ்ந்தார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் அமாரோ பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் கதவின் வளைவில் நெற்றியை இடித்துக்கொள்வார். "இதைக் கட்டினவன் மனுசனுக்குக் கட்டலடி, முயலுக்குக் கட்டியிருக்கான்" என்பார். "முயலுக்குக் குனியத் தெரியும்" என்று உள்ளேயிருந்து யூனிஸின் குரல் வரும். இந்தப் பேச்சு தெருவுக்கே மனப்பாடம்.

மூன்றாம் எண் வீட்டை யாரோ வாங்கி, இடித்து, அட்டைப்பெட்டி போல ஒன்றைக் கட்டிய வருடம், யூனிஸ் எங்களையெல்லாம் கூட்டிச் சங்கம் தொடங்கினார். விதிகளை அவரே தட்டச்சு செய்தார். தெருவிலிருந்து கண்ணில் படும் எதையும் சங்கத்தின் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு வருடங்களுக்கு முன், யூனிஸின் பக்கத்து வீட்டு டெல்ஃபின் புருசார் கூட்டத்துக்கு வந்தார். தாயாரால் நடக்க முடியவில்லை, சக்கர நாற்காலி உள்ளே வரும்படி வாசலை அகலப்படுத்த வேண்டும் என்றார். வீட்டின் பின்பக்கம் செங்குத்தான சரிவு, அங்கே வழி கிடையாது. யூனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கதவை விட்டோம்னா தெருவே போயிடும், டெல்ஃபின்." சம்மதம் கேட்டபோது யூனிஸ் கை தூக்காததைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தூக்கவில்லை. நானும்தான். தாயார் முதியோர் இல்லத்துக்குப் போனார். பதினான்கு மாதங்கள் இருந்து, அங்கேயே இறந்தார்.

இந்த வசந்தத்தில் அமாரோவைப் பக்கவாதம் தாக்கியது. மருத்துவமனையிலிருந்து அதே இல்லத்துக்கு அனுப்பினார்கள். வாயில் மிஞ்சியிருந்தது ஒரே சொல்: "வீட்டுக்கு." யார் போய்ப் பார்த்தாலும் அதையே சொன்னார். அவருடைய சக்கர நாற்காலியும் கட்டிலும் நுழையாத வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று தாதி சொல்லிவிட்டார். யூனிஸ் நாடாவை வைத்துக் கதவை அளந்தார். இருபத்தெட்டு அங்குலம். நாற்காலி அதைவிட மூன்று விரற்கடை அகலம். அளவு மாறிவிடுமோ என்பது போல மறுநாளும் அளந்ததை என் எதிர்வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன்.

வாசலை மாற்றச் சங்கம் சம்மதித்தாலும் இருபக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். அதுவும் அவர் எழுதிய விதிதான். ஒன்பதாம் எண் வீட்டில் அன்றைக்கே வாங்கிவிட்டார். ஐந்தாம் எண் டெல்ஃபினுடையது. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அந்த வேலிக்கதவு வரை போவார். ரோஜாச் செடியில் இல்லாத பூச்சியைப் பார்ப்பார். திரும்பிவிடுவார். இப்படி ஒன்பது நாட்கள்.

பத்தாம் நாள் மணியை அழுத்தினார். டெல்ஃபின் வாசலில் நின்றபடியே தாளை முழுக்கப் படித்தார். அப்புறம் அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் கதவையேதான் பாத்துக்கிட்டிருந்தா, யூனிஸ். யாராவது கூட்டிட்டுப் போக வருவாங்கன்னு."

யூனிஸ் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு, தன் வீட்டுக்கு நடந்தார்.

தச்சர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அமாரோ ஞாயிறு காலை, இல்லத்தில், சிற்றுண்டி வருவதற்கு முன் இறந்துபோனார்.

திங்கட்கிழமை தச்சர் வந்தபோது யூனிஸ் கறுப்பு உடையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் தச்சர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப நான் கெளம்பறேம்மா. இனிமே இது எதுக்கு?"

"அறுங்க" என்றார் யூனிஸ்.

வளைந்த மரச்சட்டம் இரண்டு துண்டாக வெளியே வந்தது. அமாரோவின் நெற்றி பட்டுப் பட்டு வழவழப்பான இடம் அதில் கறுத்திருந்தது. அந்தத் துண்டை யூனிஸ் மடியில் வைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மாலை, சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கப்படி அவரவர் வீட்டிலிருந்து உணவு வந்தது. டெல்ஃபின் இரண்டு கைகளிலும் ஒரு பெரிய கம்போக் குழம்புப் பானையைத் தூக்கி வந்தார். பழைய கதவாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி நுழைந்திருக்க வேண்டும். நேராக உள்ளே வந்து, பானையை மேசையில் வைத்தார். திரும்பும்போது புதிய கதவுநிலையில் ஒரு கையை வைத்து, மறுகையை நீட்டி எதிர்ப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மாவோட நாற்காலி நல்லா வந்திருக்கும்" என்றார்.

"ஆமா" என்றார் யூனிஸ்.

டெல்ஃபின் படியிறங்கிப் போனார். யூனிஸ் எழுந்து வழியனுப்பவில்லை. கதவை மூடவும் இல்லை.