எனக்கென்று ஒரு வீடும் இல்லை

வருமான வரியைக் கூட்டிய மாதத்தில் நானும் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பல்கலைக்கழக வளாக வாசலில் நின்றேன். விரிவுரையாளர்கள், வைத்தியர்கள், வங்கிக்காரர் என்று நல்ல கூட்டம். என் கையிலிருந்த மட்டையில் ‘பணக்காரரிடம் வரி அறவிடு’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. எழுதியதும் நான்தான். பணக்காரர் யார் என்று அன்று எவராவது கேட்டிருந்தால், கொழும்பில் கம்பனி வைத்திருப்பவர்கள், அரசியல்வாதிகள், நகைக்கடை முதலாளிகள் என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். நான் வெறும் சம்பளக்காரன். எனக்கென்று ஒரு வீடும் இல்லை.

அது பொய்யல்ல என்றுதான் நெடுங்காலம் நம்பினேன். நாங்கள் குடியிருக்கும் வீடு மனைவியின் சீதனம், உறுதிப் பத்திரமும் அவர் பெயரில். புத்தூர்த் தோட்டக்காணி அப்பாவின் பெயரில். அப்பா காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. இணுவிலில் கட்டிய மாடி வீடு, அவுஸ்திரேலியாவில் படிக்கும் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க. கலியாணம் பேசும்போது எழுதிக் கொடுக்கலாம் என்று உறுதியை என் பெயரிலேயே வைத்திருந்தேன். ஆனாலும் அதை என்னுடையதென்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான். மனைவியுடையது, மகளுடையது, செத்தவருடையது என்று சொல்லிச் சொல்லியே ஏழைகளாக இருந்துவிடுவோம்.

அந்த மாடி வீட்டைப் பார்த்துக்கொள்ள அரியாலையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து பின்னறையில் இருத்தியிருந்தேன். கணவர் கடலில் நண்டு பிடித்தவர். முதுகெலும்பு அடிபட்டபின் தொழிலுக்குப் போவதில்லை. மனைவி வீட்டைக் கூட்டி, யன்னல் திறந்து, பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவார். நான் வாடகை வாங்குவதில்லை, சம்பளம் கொடுப்பதுமில்லை. இதைப் பெரிய தருமம் என்று வேறு நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நின்றபோது, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவுக்காகப் பதிவெடுக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். இளம் பெண். நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், குனிந்து மாபிள் தரையைப் பார்த்தார்.

“இது ஆரின்ரை வீடு, ஐயா?”

அந்தக் கிழமைதான், இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கும் வரி வரப்போகிறதாம் என்று பேப்பரில் வாசித்திருந்தேன். ஓர் அரசாங்க உத்தியோகத்தரிடம் ‘என்ரை’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

“இவைதான் இருக்கினம்,” என்று குசினிப் பக்கம் கையைக் காட்டினேன்.

“கனகாலமோ?”

“அஞ்சு வருசம் வரும்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. குசினி வாசலில் ஈரக் கையோடு நின்ற அந்தக் குடும்பத்துப் பெண் என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். உத்தியோகத்தர் மாடி, மாபிள், இரண்டு குளியலறை, ஏசி எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போனார்.

கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் ஒட்டிய கொடுப்பனவுப் பட்டியலில் அவர்களுடைய பெயர் இல்லை. மேன்முறையீடு செய்யலாம், ஆனால் வீடு தன்னுடையது என்று சொந்தக்காரர் கடிதம் தரவேண்டும் என்றார்களாம். அந்தப் பெண் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். மகளிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்றேன். மகளிடம் நான் கேட்கவேயில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, ஒரு செத்தவீடு, தடிமன் காய்ச்சல் என்று நாளைக் கடத்தினேன். உள்ளூர எனக்கு நன்றாகத் தெரியும், காத்திருந்தது மேன்முறையீட்டுத் தவணை முடியட்டும் என்றுதான்.

தவணை முடிந்த பிறகு மனம் அரிக்கத் தொடங்கியது. கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்துக்கொண்டு போனேன். அவர் அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். கணவரின் மருந்துக்கு வழியில்லாமல், நண்டு உடைத்துச் சதை எடுக்கும் இடமொன்றில் நாட்கூலிக்குச் சேர்ந்திருந்தார். விரல்களெல்லாம் ஓடு கிழித்த கீறல்.

“இனிக் குடுக்கேலாது, சேர். வெள்ளிக்கிழமையோடை முடிஞ்சுது,” என்று கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

“அண்டைக்கு நீராவது வீடு சேரின்ரை எண்டு சொல்லியிருக்கலாமே?” என்றேன். குற்றத்தில் பாதியை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

“சொல்லத்தான் வாயெடுத்தனான். பிறகு, உங்களுக்கு இன்னும் வரி கூடிப்போடும் எண்டு விட்டிட்டன். வரேக்கையெல்லாம் சொல்லுவீங்கள்தானே, சம்பளத்திலை இவ்வளவு வெட்டினால் என்னெண்டு சீவிக்கிறது எண்டு. உங்களுக்கும் கஷ்டம். நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம்.”

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை, மனதார எனக்காக இரங்கினார். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சொன்னால் வரியும் வராது.

“ஓம் பிள்ளை, கஷ்டம்தான்,” என்றேன்.