என்ரை மூலை வேலி

நான் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார். பின்னேரத்திலை புகையிலைத் தோட்டக்காரன். மிச்ச நேரம் ஊருக்குப் புத்தி சொல்லுறவன். வீடுகளுக்கு நடுவாலை போற ஒடுக்கமான ஒழுங்கையை அகலமாக்க வேணுமெண்டு, வீடு வீடாய்ப் போய் எல்லாற்றை வேலியையும் உள்ளுக்குத் தள்ளுவிச்சன்.

"வாத்தியார், உங்கடை மூலை வேலிக்கு இன்னும் கால் முளைக்கேல்லையோ?" எண்டு பக்கத்து வீட்டுக் கந்தையா கேட்டான்.

"வேலியோடை நிக்கிற புகையிலையை வெட்டி முடியட்டும், முளைக்கும்," எண்டு சிரிச்சன்.

அடுத்த கிழமை மத்தியானம், பிள்ளைப்பேற்று நோவிலை துடிச்ச தன்ரை மனுசியை ஆசுப்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு வந்த கந்தையாவின்ரை வண்டில் அந்த மூலையிலை இறுகிப்போச்சு. நான் ஓடிப்போய் வேலியைப் பிடுங்கி எறிஞ்சன். நேரம் பிந்திப்போச்சு. தாய் தப்பியிட்டா, பிள்ளை தப்பேல்லை.



இப்ப என்ரை பங்கைச் செய்துபோட்டுத்தான் ஊர்க்கூட்டத்திலை வாய் திறக்கிறன். அதாலை கதைக்கிறது நல்லாய்க் குறைஞ்சுபோச்சு.