தின்றதற்கு மட்டும் காசு

அந்தச் சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் காரியம் கோணத் தொடங்கியது. நேரம் சரியாக நினைவிருக்கிறது. கேசரிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரைக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அப்போது கைபேசி அடித்தது. பையனின் அம்மா.

“டீச்சர், குறை நினைக்காதீங்க. உங்க தோட்டத்து ரோட்டுல நம்ம கார் ஏறாதுன்னு சொல்றாங்க. எல்ல டவுன் பக்கம் புதுசா ஒரு ரெஸ்டூரன்ட் தொறந்திருக்காங்க. நீங்க அங்க வந்துருங்க. ஆறுதலா உக்காந்து பேசலாம்.”

எங்கள் ரோட்டில் தேயிலைக் கொழுந்து லொறி ஏறுகிறது. பள்ளிக்கூட வேன் ஏறுகிறது. தேர்தல் காலத்தில் அவர்களுடைய காரைப் போல இரண்டு மடங்கு விலையுள்ள ஜீப்புகளும் ஏறுகின்றன. அந்த அம்மாவுக்குத்தான் ஏற மனமில்லை. அவர்களுக்குப் பதுளை பஜாரில் இரும்புக் கடை. நாங்கள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் இருக்கிறோம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் கணவருக்கு ஃபெக்டரியில் வேலை. இரண்டு பேர் சம்பளத்தில் முன்பக்கம் ஒரு அறை கூட்டி, தரைக்கு டைல்ஸும் பதித்திருக்கிறோம். அப்படியும் அது லயம்தான், பஜார்க்காரர்களுக்கு.

நான் மறுபேச்சில்லாமல் “சரிங்கக்கா” என்றதற்குக் காரணம் என் மகள். இருபத்தொன்பது வயது. பதுளையில் ஒரு கந்தோரில் ஆபீஸ் வேலை செய்கிறாள். இரண்டு வருடமாக அந்தப் பையனை விரும்புகிறாள். முந்தின நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்: “அம்மா, அவங்க என்ன சொன்னாலும் நீங்க பதிலுக்குப் பதில் பேசாதீங்க. இது எனக்கு வேணும்.”

அவள் எதையும் வேண்டுமென்று கேட்கிற பிள்ளை அல்ல. அதனால்தான் பயமாக இருந்தது.

என் கணவர் வர மறுத்துவிட்டார். “வீட்டுக்கு வராதவங்களத் தேடிக்கிட்டு நான் எதுக்கு வரணும்? நீங்க போங்க. நான் கேசரிக்குக் காவல் இருக்கேன்.”

பணப்பையில் பத்தாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டேன். நாலு பேர் தேநீர் குடிக்கப் பத்தாயிரம் என்பது எனக்கே கொஞ்சம் திமிராகத்தான் பட்டது.

அந்த ரெஸ்டூரன்ட் ஒரு காலத்தில் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்த கட்டடம். கொழுந்தெடுக்கும் பெண்களின் படத்தை ஒரு சுவர் முழுக்கப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். எவள் தலையில் எவ்வளவு பாரம் என்று தெரியாதவன்தான் அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டுவான். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் நாலைந்து பேர் அதன் கீழே உட்கார்ந்து பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

விலைப் பட்டியலை வாசித்தேன். ‘லைன் ரூம் ரொட்டி’, அதாவது லயத்து ரொட்டி, ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. கோதுமை மாவில் தேங்காய்ப் பூப் போட்டுத் தட்டிய ரொட்டி. எங்கள் வீட்டில் கறிக்கு வழியில்லாத நாளில் சுடுவது. எனாமல் கோப்பையில் பால் இல்லாத பிளேன்டீ, எழுநூற்று ஐம்பது. அந்தக் கோப்பையின் விளிம்பில் எனாமல் உதிர்ந்த கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கிட்டப் பார்த்தால், அவை பெயின்ட்டால் வைத்தவை. வறுமையை வரைவதற்கும் ஆள் வைத்திருந்தார்கள். அந்தச் சம்பளமும் எழுநூற்று ஐம்பதுக்குள் அடக்கம் போலும்.

பையனின் அம்மா பட்டியலைப் பார்க்கவேயில்லை. “எல்லாம் கலந்து ஒரு தட்டு கொண்டாங்க. எங்களுக்கு ரெண்டு ஜூஸ். இன்னைக்கு சைவம், பார்த்துக்கங்க” என்றார். பரிமாறும் பெண் ஒரு நீளமான மரப் பலகையைத் தூக்கிவந்து வைத்தாள். முக்கோணமாக வெட்டிய ரொட்டி, குட்டி வடை, கட்லட், சிரட்டையில் சம்பல்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். பதுளையில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும், கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதை எடுக்கலாம். எழும்பும்போது தட்டில் குறைந்ததை எண்ணி, அதற்கு மட்டும் காசு. மீதித் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த முறை அதுதான். எனவே மேசைக்குக் கீழே மகளின் முழங்காலைத் தட்டி, ஒன்றுக்கு மேல் எடுக்காதே என்று கண்ணால் சொன்னேன். அவள் ஒரு ரொட்டித் துண்டு. நான் ஒரு வடை.

எதிர்ப்பக்கம் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. “லயத்து ரொட்டின்னா லயத்து ரொட்டிதான் டீச்சர், தனி ருசி” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா மூன்றாவது துண்டை எடுத்தார். எங்கள் லயத்துக்கு அரை மணித்தியாலப் பயணம்தான். அங்கே வந்திருந்தால் அடுப்பிலிருந்து நேரே தட்டில் விழுந்திருக்கும். மகனுக்கு ஒரு கேக், அதன் மேல் தங்க நிறத்தில் ஏதோ தூள். அவன் பாதியில் விட்டுவிட்டான். பேச்சு நகை பற்றியும், மகள் கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாளா என்பது பற்றியும் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

பில்லைப் பரிமாறும் பெண் நேரே என் முன்னால் வைத்தாள். பதினெட்டாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று. நாங்கள் உட்கார்ந்ததற்கு ஒரு வரி, அவள் நடந்ததற்கு ஒரு வரி.

“இதுல பிழை இருக்கு மகள்,” என்றேன் அந்தப் பெண்ணிடம். “தட்ட ஒருக்கா எண்ணிப் பாருங்க. நாங்க ரெண்டுதான் எடுத்தோம். வடை ஆறு அப்படியே இருக்கு, கட்லட்ல கையே படல.”

அவள் குழம்பிப்போனாள். “இல்லீங்க மேடம், இது எண்ணுறது இல்லீங்க. பலகைக்கு மொத்தமா ஒரே விலை.”

“சாப்பிடாததுக்குமா?”

“ஆமாங்க.”

பையனின் அம்மா சிரித்தார். சத்தமாக அல்ல, தோள் மட்டும் குலுங்க. “டீச்சர், இது பஸ் ஸ்டாண்ட் கடையில்ல. நல்லவேள, கேக்குல மிச்சம் இருக்கிறதத் திருப்பி வாங்கிக்கச் சொல்லல.”

பையன் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனான். அந்த அம்மா அவனுடைய மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை வைத்தார். “முறைன்னு ஒன்னு இருக்குப்பா. பொண்ணு பார்க்க வந்தா, பொண்ணு வீட்டுக்காரங்கதான் வாய் நனைக்கக் குடுப்பாங்க.”

வீட்டுக்கு வராதபோது இல்லாத முறை, பில் வந்ததும் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது மணிக்கட்டு அந்த இரண்டு விரலுக்குக் கீழே அசையாமல் கிடந்தது.

என்னிடம் பத்தாயிரம்தான் இருந்தது. மகள் தன் கார்டை நீட்டினாள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். காசு கொடுத்த வடையை ஏன் விடவேண்டும்? பெட்டிக்கு நூற்றைம்பது ரூபாய் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தேன்.

பஸ்ஸில் என் வாய் மூடவில்லை. மன்னிப்புக் கேட்டேன், பிறகு அவர்களைத் திட்டினேன், பிறகு மறுபடி மன்னிப்புக் கேட்டேன். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க எண்ணச் சொன்னதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லம்மா. அவரு கைய உருவல பாருங்க. அதுதான்.”

அன்று மாலை வாசலில் நின்று கைபேசியில் அவனுடன் பேசினாள். அடுப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது. “உங்கம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. வந்தா மேல பேசுவோம். வரலன்னா, இதோட விட்டுருவோம்.” வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எட்டு நாள் அந்தக் கைபேசியில் அவனுடைய அழைப்பு வரவில்லை.

அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பினாள். ஒரு வடைக் கணக்குக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். அவளுக்குத் தெரியாமல், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பதுளைக்குப் போனேன். அந்த அம்மாவைப் பார்த்து, நான்தான் பட்டிக்காட்டுத்தனமாக நடந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது என்ற எண்ணம். சொல்லும்போதே நாக்கு கூசும் பொய்.

இரும்புக் கடைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ஏறி உட்கார்ந்தேன். தட்டு வந்தது. அந்தக் கடையிலும் இப்போது ஒன்றும் மலிவில்லை. விலைப் பலகையில் பழைய விலைக்கு மேல் புது விலையை ஒட்டி ஒட்டி, அந்த இடமே அட்டை போலத் தடித்துவிட்டது. விலை ஏற ஏற வடை இளைக்கிறது, நடுவிலுள்ள ஓட்டை மட்டும் பெருக்கிறது. முன்பு குடும்பமாக ஏறியவர்கள் இப்போது வாசலில் நின்று பலகையை வாசித்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் எழும்பும்போது கடைக்காரர் தட்டைப் பார்த்து, “ஒரு வடை, ஒரு டீ, அவ்வளவுதானே டீச்சர்” என்றார். கண் கலங்கிவிட்டது. ஒரு பில்லுக்கு அழும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எதிரே, கல்லாவில் அந்த அம்மா உட்கார்ந்து யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நான் ரோட்டைக் கடக்கவில்லை. மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். நான் போய்க் காலில் விழுந்தால் அவள் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். கீழ் வளைவில் ஒரு கார் முக்கி முனகி ஏறும் சத்தம். லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. என் கணவர் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். மகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கார் நின்றது. முதலில் பையன் இறங்கினான். சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்தவர் இறங்குவதாக இல்லை. அவன் கதவை மூடவும் இல்லை, வாய் திறந்து கெஞ்சவும் இல்லை. லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே நின்றான்.

கடைசியில் அந்த அம்மா இறங்கினார். சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எங்கள் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார்.

“செருப்ப எங்கம்மா கழட்டுறது?” என்றார்.