நோலன் டைக்ஸ்ட்ராவின் வலது முழங்கால்

மெர்ல் ஓட்டிங்கர் பத்தொன்பது வருடமாகப் பிறத்தியார் பிள்ளைகளின் உள்ளங்கையை அளந்து வயிறு வளர்த்தவர். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம், அரை டிராயரோடு நிறுத்தினால் எத்தனை பவுண்டு, நாற்பது கஜம் ஓட எத்தனை விநாடி, அம்மாவிடம் மரியாதையாகப் பேசுகிறானா, இத்தனையும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். தொழில்முறை ஃபுட்பால் அணி ஒன்றுக்குக் கல்லூரிகளிலிருந்து ஆள் பார்த்துச் சொல்லும் ஸ்கவுட் அவர். அயோவா, நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள் என நான்கு மாநிலங்கள் அவர் பொறுப்பு. வருடத்தில் இருநூறு நாள் மோட்டல் வாசம், பெட்ரோல் பங்க்கில் சூடான உருளைகள் மேல் சுழன்றுகொண்டே இருக்கும் ஹாட் டாக்கில் ஆகாரம். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் மனைவி டோரீன் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் துண்டை எடுத்துக் கொடுப்பாள்.

இந்தப் பத்தொன்பது வருடத்தில் மெர்ல் "எடுக்கலாம்" என்று எழுதிய ஒருவனைக்கூட அவருடைய அணி எடுத்ததில்லை. "தேறமாட்டான்" என்று எழுதிய ஒருவனுக்கு வேறொரு ஊரில் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தால் மெர்ல் இருபது மைல் சுற்றிக்கொண்டு போவார்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். முப்பத்திரண்டு அணிகளும் முறை வைத்து, ஏழு சுற்று, கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் திருவிழா அது. அது முடிந்த மறுமாதம் ஸ்கவுட்களின் ஒப்பந்தமும் முடியும். போன வருடம் புதிதாக வந்த மேலாளர் ஸ்பென்சர் லோவெலுக்கு முப்பத்துமூன்று வயது. பந்தைத் தொட்டு ஆடியவர் இல்லை, கணினியைத் தட்டி மேலே வந்தவர். ஆகஸ்டிலேயே மெர்லைக் கூப்பிட்டு விட்டார்.

"மெர்ல், உங்க ரெக்கார்டப் பாத்தேன். ரொம்ப சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல."

"நான் சொன்ன ஆளுங்கள யாரும் எடுக்கல சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். இந்த வருஷம் உங்க ஏரியாலேர்ந்து ஒருத்தனாவது நாம எடுக்கற மாதிரி வரணும். இல்லேன்னா மே மாசம் உங்களுக்கு ஒரு கேக் வெட்டிடலாம்."

வேலை போய்விடுமே என்ற பயம் மெர்லுக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய அரிப்பு ஒன்று உண்டு. தான் தேடிப் பிடித்தவன் என்று ஒரே ஒருவனின் பெயரை, ஒரே ஒரு தடவை, டிராஃப்ட் மேடையில் வாசிக்கக் கேட்டுவிட வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அப்படித் தேடிக்கொண்டு போனபோதுதான் அயோவாவின் சோளக்காட்டு நடுவில் கோல்டர் கல்லூரியில் நோலன் டைக்ஸ்ட்ரா கிடைத்தான். பன்றிப் பண்ணைக்காரர் மகன். பன்ட்டர்.

ஃபுட்பால் என்று பெயர்தான். காலால் உதைத்துப் பிழைப்பவனுக்கு அந்த நாட்டில் மதிப்பு கிடையாது. மூன்று முறை முட்டி மோதியும் பந்து பத்து கஜம் நகரவில்லை என்றால், சனியன் தொலையட்டும் என்று அதை எதிராளியிடமே தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கென்று வைத்திருக்கும் ஆள்தான் பன்ட்டர். அவன் மைதானத்துக்குள் வந்தால் ஜனங்கள் எழுந்து பியர் வாங்கப் போவார்கள்.

கோல்டரில் மட்டும் நிலைமை தலைகீழ். அந்த அணி அக்டோபர் வரை ஆடிய ஆறு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. முன்னால் போன தூரத்தைவிடப் பின்னால் வந்த தூரம் அதிகம். அதனால் நோலன் ஆட்டத்துக்குப் பத்துத் தடவை உதைக்க வேண்டி வந்தது, உதைத்து உதைத்துப் பிரமாதமாகத் தேறிவிட்டான். தப்பித் தவறி அணி பத்து கஜம் முன்னேறிவிட்டால் ஊர்க்காரர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முடங்கிப் போனால் எழுந்து நின்று "டைக்ஸ்ட்ரா! டைக்ஸ்ட்ரா!" என்று கத்துவார்கள்.

"பசங்க ஒழுங்கா ஆடுனா ஊரே திட்டுது சார்," என்று கோச் மெர்லிடம் அழாத குறையாகச் சொன்னார். "நான் யாருக்காக டீம் நடத்தறேன்னே தெரியல."

உதைத்த பந்து நாலரை விநாடி காற்றில் நின்றால் நல்ல பன்ட்டர். நோலன் உதைத்த முதல் பந்து மேலே போய், அங்கே ஏதோ ஜோலி இருப்பதுபோல் தங்கிவிட்டு, பிறகு இறங்கியது. மெர்லுடைய ஸ்டாப்வாட்ச் ஐந்தைத் தாண்டிக் காட்டியது. பொத்தானைத் தாமதமாக அழுத்திவிட்டோமோ என்று சந்தேகம். அடுத்ததும் ஐந்து. அதற்கடுத்ததும் ஐந்து. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் ஹாட் டாக்கைப் பாதியில் கீழே வைத்தார்.

ஆட்டம் முடிந்து பையனிடம் பேசினார். தலைமை அலுவலகம் கேட்கச் சொல்லும் கேள்விகள் ஒரு பட்டியல் உண்டு, கேட்டே ஆக வேண்டும்.

"தம்பி, நீ ஒரு மரமா இருந்தா என்ன மரமா இருப்பே?"

நோலன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்க மரமே கெடையாதே சார். சோளம்னா பரவால்லையா?"

"சோளம்னு எழுதிக்கறேன்," என்றார் மெர்ல். "பண்பானவன், நிலத்தோடு ஒட்டியவன்" என்று எழுதினார்.

ஸ்கவுட் தொழிலில் ஒரு சாஸ்திரம் உண்டு. பிடித்த பையனைப் பார்க்கும்போது கொட்டாவி விட வேண்டும், பிடிக்காதவனைப் பார்த்து விறுவிறுவென்று எழுத வேண்டும். யாருக்கு யார் மேல் கண் என்று அடுத்த அணிக்குத் தெரிந்துவிட்டால் ஒரு சுற்று முந்திக்கொண்டு தூக்கிவிடுவார்கள். ஆகவே மைதானத்தின் மேலறையில், இலவசமாக வைத்திருக்கும் பன்றி இறைச்சியையும் பீன்ஸையும் தட்டில் குவித்துக்கொண்டு, எல்லோரும் எல்லோரிடமும் பொய் சொல்வார்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

மெர்ல் அந்த மாதமே கோல்டருக்கு இரண்டாம் முறை வந்தார். அதுதான் தப்பு. வேறொரு அணியின் ஸ்கவுட் டுவேன் ரக்கர், இருபது வருடச் சிநேகிதன், கையில் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னய்யா, இந்தத் தோத்தாங்குளி டீமப் பாக்க ரெண்டாவது தடவ வந்திருக்கே? அந்தப் பன்ட்டரா?"

மெர்லுக்குப் பகீரென்றது. பெண்ணைப் பிடித்துப்போன வீட்டார் அடுத்த வரன் வராமலிருக்கப் பெண்ணுக்கு ஏதாவது குறை என்று கதை கட்டிவிடுவதில்லையா, அந்தப் புத்திதான் அவருக்கும் போயிற்று.

"அவனா? பாவம்யா. வலது முழங்கால் போச்சு. சின்ன வயசுல பன்னிக் கொட்டாய்க் கூரைலேர்ந்து விழுந்திருக்கான். குளிர் வந்தா மடக்கவே முடியாது."

"அடப்பாவமே. உதைக்கிற காலாச்சே."

"அதான் சொல்றேன். வெளிய சொல்லாதே."

வெளியே சொல்லாதே என்றால் அந்தத் தொழிலில் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். மெர்ல் நிம்மதியாக இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டுக்கொண்டார். நோலனைப் பற்றி அவர் அனுப்பிய அறிக்கையைப் படித்து ஸ்பென்சரே அசந்து போனார். ஜனவரியில், யாரை எந்தச் சுற்றில் எடுப்பது என்று ஒட்டிவைக்கும் அலுவலகச் சுவரில், "ஆறாம் சுற்று" என்ற தலைப்பின் கீழ் நோலனின் பெயர்ப்பட்டை ஏறியது. மெர்ல் அதைப் போனில் படம் பிடித்து டோரீனுக்கு அனுப்பினார். அவள் "யார் இது?" என்று பதில் போட்டாள்.

பிப்ரவரியில் இண்டியானாபோலிஸில் எல்லா அணிகளும் கூடிப் பையன்களை அளக்கும் சந்தை. டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் தாழ்வாரத்தில் நோலன் மெர்லைப் பார்த்து ஓடி வந்தான்.

"சார், ஒண்ணும் புரியல. பதினேழு டாக்டர் பாத்துட்டாங்க. ஒருத்தர்கூட எந்தக் கால்னு கேக்கல, நேரா வலதப் புடிச்சு முறுக்கறாங்க. மூணு தடவ ஸ்கேன் எடுத்தாச்சு."

"ஸ்கேன்ல என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னா அவங்களுக்கு மூஞ்சி இன்னும் தொங்கிப் போவுது. ஸ்கேன்ல தெரியாத வலிதான் மோசம்ங்கறாங்க. எனக்கு வலியே இல்லையே சார்."

தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து ஸ்கவுட்கள் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லும் இடம் அதுவல்ல என்று மெர்ல் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். "எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி. நீ போய்த் தூங்கு," என்றார். கோழைத்தனம் என்றால் அதுதான், வேறு பெயர் கிடையாது.

மறுநாள் பந்தை உதைக்கும் முன் நோலன் குனிந்து முழங்காலை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். முப்பத்திரண்டு அணிகளும் குறித்துக்கொண்டன.

ஏப்ரல் இரண்டாம் வாரக் கூட்டத்தில் ஸ்பென்சர் எழுந்து போய் நோலனின் பெயர்ப்பட்டையைச் சுவரிலிருந்து எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சார்!" என்றார் மெர்ல்.

"மெர்ல், முழங்கால் விஷயத்த நீங்க எழுதவே இல்லையே. நாலு டீம்லேர்ந்து எனக்குத் தகவல் வந்திருக்கு. நாலுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல."

"அது பொய் சார். நான்தான் கெளப்பி விட்டேன். டுவேன் கிட்ட சொன்னேன், அடுத்தவன் தூக்கிடக் கூடாதேன்னு."

ஸ்பென்சர் பரிதாபமாகச் சிரித்தார். "உங்க ஆளக் காப்பாத்தப் பாக்கறீங்க, புரியுது. ஆனா நாலு பேரும் அதே பன்னிக் கொட்டாய், அதே கூரைன்னு சொல்றாங்க. பொய்யா இருந்தா ஆளுக்கொரு மாதிரி சொல்லியிருப்பாங்கல்ல? அதுல ஒருத்தர், அன்னிக்கு மழை பெய்ஞ்சுதுன்னுகூடச் சொன்னார்."

"மழைய நான் சொல்லல சார்!"

"பாத்தீங்களா? உங்களுக்கே தெரியாத விவரம்."

மெர்ல் விடவில்லை. தம் அணி எடுக்காவிட்டால் போகிறது, வேறு யாராவது எடுக்கட்டும், பையன் பெயர் மேடையில் வந்தால் போதும் என்று இறங்கி வந்தார். இது அந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம். மூன்று நாள் உட்கார்ந்து தெரிந்த ஸ்கவுட்களுக்கெல்லாம் போன் போட்டார். முதல் போன் டுவேனுக்கு.

"டுவேன், அந்த டைக்ஸ்ட்ரா பையன் காலுக்கு ஒண்ணுமில்லய்யா. நான் சொன்னது பொய்."

"அவ்ளோ மோசமாயிடுச்சா?" என்றான் டுவேன்.

"என்னது?"

"இருபது வருஷமா ஒருத்தனப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லாத ஆளு, போன் போட்டுக் கால் நல்லாருக்குங்கறே. யார் தலைலயாவது கட்டப் பாக்கறியா? போய்யா."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள், சிலர் மரியாதையாக, சிலர் சிரித்துக்கொண்டு. மெர்ல் ஓட்டிங்கரே கால் நல்லது என்கிறார் என்றால் காலே இல்லை போலிருக்கிறது என்று அந்த வாரம் நான்கு மாநிலங்களில் பேச்சு. பொய்யைச் சொன்னபோது ஒரு நிமிடம் பிடித்தது. உண்மையைச் சொல்ல மூன்று நாள் ஆகியும் ஒருவனும் வாங்கிக்கொள்ளவில்லை.

டிராஃப்டின் கடைசி நாள், சனிக்கிழமை மதியம், அலுவலக டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் சுற்று போயிற்று. ஆறு போயிற்று. ஏழாம் சுற்றில் ஒரு பன்ட்டரின் பெயரை வாசித்தார்கள். மெர்ல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது வேறு பையன், வேறு மாநிலம். அவர் ஸ்டாப்வாட்சில் அவன் பந்து நாலேகால் விநாடியைக்கூடத் தாண்டியதில்லை. முழங்கால்தான் இரண்டும் நன்றாக இருந்தது. சற்று நேரத்தில் கடைசிப் பெயரையும் வாசித்து மேடை விளக்கை அணைத்தார்கள்.

ஸ்பென்சர் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மெர்ல், இப்போ அந்தப் பையனுக்குப் போன் போடுங்க. யாரும் எடுக்காத பையன யார் வேணும்னாலும் கூப்டலாம், சுற்று எதையும் செலவழிக்காம சும்மா கூட்டிட்டு வந்துடலாம். கால் சரியாருந்தா நமக்கு லாபம், இல்லேன்னா அனுப்பிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க கெளப்பி விட்டதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அது நெசந்தானா?"

"நெசம் சார்."

"யப்பா! முப்பத்தோரு டீமயும் நம்ப வெச்சுட்டீங்களே. என்னையும் சேத்து! உங்களப் போய்க் கேக் வெட்டி அனுப்பப் பாத்தேன். இன்னும் ரெண்டு வருஷம் இருங்க மெர்ல்."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த அலுவலகத்தில் மெர்லுக்குக் கைதட்டல் விழுந்தது அதுவே முதல் முறை. அவர் தலை நிமிராமல் போனை எடுத்தார்.

முதல் மணியிலேயே நோலன் எடுத்தான். பின்னால் நாற்பது ஐம்பது பேரின் பேச்சுச் சத்தம் கேட்டது. பெயரை வாசிக்கும்போது சேர்ந்து கத்துவதற்காக டைக்ஸ்ட்ரா வீட்டில் கூடிய ஊர். இப்போது ஹாம் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பார்கள். மெர்ல் விஷயத்தைச் சொன்னார். டிராஃப்டில் இல்லை, ஆனால் பயிற்சி முகாமுக்கு வரலாம், தேறினால் இடம் உண்டு. பையன் யோசிக்கவே இல்லை.

"வர்றேன் சார். நீங்க ஒருத்தர்தான் கூப்டீங்க. ரொம்ப நன்றி."

நன்றி என்ற சொல்தான் மெர்லைக் குத்தியது. "நன்றியெல்லாம் சொல்லாதே தம்பி. நான் சொல்றதக் கேளு. உன் முழங்காலுக்கு ஒண்ணுமே இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல. அடுத்த டீம்காரன் உன்னத் தூக்கிடுவானோன்னு பயந்து நான்தான் அந்தப் பொய்யச் சொன்னேன். உன் பேர் இன்னிக்கு வராம போனதுக்கு நான்தான் காரணம்."

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. திட்டுவான் என்று மெர்ல் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நீங்க ரொம்ப நல்லவர் சார்," என்றான் நோலன். "நான் வெசனப்படக் கூடாதேன்னு பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்க. அத்தன டாக்டருங்க தப்பாச் சொல்லுவாங்களா?"

"தம்பி, நான் சத்தியமா..."

"பரவால்ல சார். நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன். இப்பக்கூட முட்டிக்கு ஐஸ் வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். வெச்சா கொஞ்சம் தேவலையா இருக்கு."