பெயர்ந்து வந்த போல்ட்டுகள்

பஞ்சர் கடை தொடங்குவதற்காக, நாமக்கல்லில் என் வீட்டுக் கொட்டகையில் டயர் கழற்றும் கைமெஷினைப் பொருத்தினேன். "தரை மெல்லிசுங்க, தோண்டி கான்கிரீட் போட்டுருங்க" என்றாள் மனைவி. புதுத் தரையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலாகத் துளையிட்டு போல்ட்டுகளை இறுக்கினேன்.

முதல் டயரை நெம்பியதுமே போல்ட்டுகள் தரையோடு பெயர்ந்தன. மெஷின் சாய்ந்து, பஞ்சர் ஒட்டக் காரில் வந்திருந்த வாடிக்கையாளரின் காலருகே விழுந்தது. திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

அவரோ, "கடப்பாரை இருக்குதுங்களா?" என்றார். இருவருமாக ஒரு முழம் தோண்டி, கான்கிரீட் கலந்து ஊற்றி, போல்ட்டுகளை நட்டோம்.

"ஒரு வாரம் தண்ணி ஊத்துங்க. டயர் இங்கயே இருக்கட்டும், ஸ்டெப்னியில ஓட்டிக்கறேன். அடுத்த வாரம் வாரேன், நீங்களே கழட்டுங்க" என்று கிளம்பினார்.

என்மேல் எனக்கே இல்லாத நம்பிக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏழு நாளும் வாளியோடு நானே நின்றேன்.