மணியடித்தால் நிற்கும் சாமி

பக்கிரிசாமிக்கு ஃபேக்டரியில் பெயர் கிடையாது. சுங்கை வே என்ற ஊரின் பிஸ்கட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் அவரை ‘வோய்’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபேக்டரிக்குப் பின்னால் சாக்கடையோரத்து முனீஸ்வரர் கோயிலில் உறுமி முழங்கி அவர் மேல் சாமி இறங்கிவிட்டால், அதே சூப்பர்வைசரின் மாமியார் உட்பட எல்லாரும் ‘அப்பா’ என்று கைகட்டி நிற்பார்கள்.

சாமி என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியாது. உறுமிக்காரர் தம்புசாமி அவர் நாக்கில் கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசி, சாமியை மலையேற்றி அனுப்பிய பிறகுதான் அவருக்குத் தன் நினைவு வரும். வீட்டில் சோறு போடும்போது மனைவி இராஜம்மா சொல்வாள்.

“ரவாங்லேருந்து வந்த அந்தம்மாவ இன்னைக்கு நல்லா ஏசிட்டீங்க.”

“நானா?” என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றச் சொல்வார். பல வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

எண்பத்தாறாம் வருஷம் குணபூசணி அவரைத் தேடி வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுப்பவர். அங்கே அந்த வருஷம் அனைத்துலக நாடக, நடன வாரம். உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு, மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஒரு முழு மாலையை எடுத்துக்கொள்ளும் ஜப்பான்காரர்கள் வந்திருந்தார்கள். லூக் என்று ஒரு பெல்ஜியக்காரரும் வந்திருந்தார். அவருடைய நாடகத்தில் வசனமே இல்லை. அவருக்குச் சாமியாடும் ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

“ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றார் குணபூசணி. “இது கலை. உங்களை மரியாதையா வைச்சிருப்பம்.”

மரியாதை என்ற சொல்தான் மனிதரை விழுத்தாட்டியது. ‘வோய்’ கேட்டுப் புளித்த காதுக்கு அது தேனாக இருந்ததில் என்ன அதிசயம்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இராஜம்மாவுக்கு வந்தது.

“சாமிய வெளையாட்டுக்குக் கூப்புடுவீங்களா? கூப்ட்டுட்டு எந்த மொகத்த வச்சுக்கிட்டு அனுப்புவீங்க?”

“நடிக்கறதுதானே லா. கூப்புடவே மாட்டேன்.”

முதல் ஒத்திகையில் தம்புசாமி உறுமியை இழுத்தார். நிஜமாகவே சாமி வந்துவிட்டது. இரண்டு விளக்குகள் உடைந்தன. மலையேற்றக் கற்பூரம் கொளுத்தினால், அரங்கத்தின் அதிகாரி ஓடிவந்து உள்ளே நெருப்புக் கூடாது என்று ஊதி அணைத்துவிட்டார். கடைசியில் கார் நிறுத்தும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் சாமியை அனுப்ப வேண்டியிருந்தது. லூக்குக்கு ஒரே சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம்தான்: தினமும் எட்டு மணிக்கு இது சரியாக வருமா என்று குணபூசணி மூலமாகக் கேட்டார்.

“சாமி என்ன பஸ்ஸா, பாஸ்?” என்றார் பக்கிரிசாமி.

அப்படியானால் சாமி வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்று முடிவாயிற்று. நடுக்கம் குதிகாலில் பிறந்து முதுகில் ஏற வேண்டும்; மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்று லூக் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கையில் சின்ன மணி ஒன்று வைத்திருந்தார். ஒரு தரம் அடித்தால் தொடங்க வேண்டும், மறுபடி அடித்தால் அப்படியே நிற்க வேண்டும். முதலில் உடம்பு கேட்கவில்லை. பழகப் பழகக் கேட்டது. ஃபேக்டரி கேன்டீனில் ஒரு தடவை பெஞ்சு அதிர ஆடிக் காட்டி, அங்கேயே வேலை செய்யும் தம்புசாமி கரண்டியால் கிளாசைத் தட்டியதும் சட்டென்று நின்றார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நாடகத்தன்று பல்கலைக்கழக அரங்கில் மூச்சுவிடும் சத்தம் கூட இல்லை. அவர் கையை ஓங்கினால் முன்வரிசை பின்னால் சாய்ந்தது. பேசாமல் நின்றால் இன்னும் ஆடிப்போனார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தனை வருஷம் ஆடியவருக்கு யாரும் கைதட்டியதில்லை; சாமிக்கு யார் கைதட்டுவார்கள்? அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அடுத்த மாதம் கோயில் திருவிழா. உறுமி முழங்கியது. பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. தம்புசாமி வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தார். காலடியில் சிமெண்டுத் தரை சில்லென்று இருப்பது பக்கிரிசாமிக்குத் தெரிந்தது. சாமி வரும்போது அதெல்லாம் தெரியவே தெரியாது. சுற்றிலும் ஜனம் கைகூப்பிக் காத்திருந்தது.

அப்போது குதிகால் தானாக நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் முதுகில் ஏறியது. மூச்சை எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

தங்கமணி முன்னால் வந்து விழுந்தாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் நாகையாவின் மனைவி. “அப்பா, அவருக்கு இனிப்புநீர் வியாதி. காலு கறுத்துப்போச்சு. வெட்டி எடுக்கணும்னு பெரியாஸ்பத்திரில சொல்றாங்க. காலு போனா எப்படி லோரி ஓட்டுவாரு? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கப்பா.”

பக்கிரிசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எதைக் கேட்க ஆசைப்படுகிறாள் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. கொஞ்சம் பேசாமல் நின்றார். கூட்டம் அடங்கியது.

“என் புள்ள கால்ல கத்தி வெக்க யாருக்கு தைரியம்? திருநீறு பூசு. நான் பாத்துக்கறேன்.”

தங்கமணி ஓவென்று அழுது அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். கற்பூரம் ஏற்றியதும் விழ வேண்டிய மாதிரி விழுந்தார். எல்லாம் கச்சிதமாக நடந்தது.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே இராஜம்மா ஆரம்பித்தாள். “நம்ம நாகையா பொண்டாட்டி வந்து விழுந்தாளே, அவகிட்ட நீங்க…”

“கத்தி வெக்க வேணாம்னேன்.”

கரண்டி அப்படியே நின்றது. “வந்தது அப்பா இல்லன்னு அவகிட்ட போய்ச் சொல்லிடுங்க,” என்றாள். “விடிஞ்சதும் போய்ச் சொல்லிடுங்க.”

போனார். போகவில்லை என்று சொல்ல முடியாது. நாகையா வீட்டு வாசலில் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கால் முழுக்கத் திருநீறு. கிட்டே போனபோதே வாடை அடித்தது. “வாங்கண்ணே,” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். “அப்பாவே சொல்லிட்டாரு. கத்தி வேணாமாம்.”

தங்கமணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பக்கிரிசாமி குடித்தார். சொன்னால் கோயில் போகும், பெயர் போகும், இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டார். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாளை நாளை என்று தள்ளிப்போட்டார். விஷம் ரத்தத்தில் ஏறிய பிறகு நாகையாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான்.

துக்க வீட்டில் யாரும் சாமியைக் குறை சொல்லவில்லை. அப்பா தன் பிள்ளையைத் தன்னிடமே கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். தங்கமணியும் அதையே சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். கருமாதி முடிந்து சனம் கலைந்த பிறகு, பக்கிரிசாமி குசினிக்குள் போனார். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, அன்னைக்கு வந்தது அப்பா இல்ல. நான்தான். நடிச்சேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னார். பல்கலைக்கழகத்தில் பழகியதையும், சாமி வராமல் போனதையும், மறுநாள் வாசல்வரை வந்து சொல்லாமல் திரும்பியதையும் சொன்னார். தங்கமணி எழுந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

“டாக்டர் நல்லவிதமாத்தான் சொன்னாரு,” என்றாள். “காலு போனாலும் ஆளு இருப்பாருன்னாரு. கையெழுத்துப் போடப் பேனாவக்கூட எடுத்துட்டேன். அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.” குரல் உயரவே இல்லை. “நான் யாருகிட்ட கேட்டேன் அண்ணே?”

பதில் சொல்லியாக வேண்டும் என்று எதிரே நின்றாள்.