கோல் கம்பத்தடியிலிருந்து பார்த்த ஜெர்சிகள்

கோல் காப்பவனுக்குத் தன் அணிக்காரர்களின் முதுகுதான் தெரியும். மடுல்சீமைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட அணிக்கு நான் பல வருஷங்கள் கோல் காத்தேன். திறமையால் அல்ல. ஓட முடியாதவனைக் கோலில் நிறுத்துவது எங்கள் வழக்கம். ஆகவே எங்கள் ஜெர்சிகளின் வரலாறு எனக்குப் பின்பக்கமாகத் தெரியும்.

முதலில் வெள்ளை பெனியன்கள். எதிரணியும் வெள்ளை போட்டு வந்ததால், துணிக்குப் போடும் நீலத்தில் முக்கி எடுத்தோம். மழை பெய்தால் நீலம் காற்சட்டைக்கு இறங்கிவிடும். மடுல்சீமையில் மழை பெய்யாத மேட்ச் எது? பிறகு கொலர் வைத்த பச்சைப் பருத்திச் சட்டை வந்தது. எண்ணை வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்திருந்தார்கள். நனைந்தால் ஈரச் சாக்கைப் போலக் கனக்கும். அதற்குப் பிறகு ஒரு தேர்தலோடு சிவப்புச் சட்டை வந்தது. முதுகில் எண் சிறியது, கும்பிடும் தலைவர் பெரியவர். எங்கள் ஆட்கள் முன்னேறிப் போகும்போதெல்லாம் பத்துத் தலைவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டபடியே விலகிப் போனார்கள். நிஜத் தலைவரும் அப்படித்தான் போனார். இன்றுவரை வரவில்லை.

எந்தச் சட்டையானாலும் ஒரு வழக்கம் மட்டும் மாறாமல் இருந்தது. சட்டைகள் மாரியம்மன் கோயிலில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். திருவிழா மேட்ச் அன்று காலையில் பூசாரி பூசை வைத்து, திருநீறு பூசி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். யார் வருகிறார்களோ அவர்கள் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சட்டை அணியுடையது, ஆளுடையது அல்ல.

போன வருஷம் அதுவும் போயிற்று. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பையன்கள் போனிலேயே டிசைன் போட்டு, பளபளக்கும் மஞ்சள் ஜெர்சி அடித்து வந்தார்கள். காற்றுப் போல லேசு, பிழிந்து உதறினால் காய்ந்துவிடும். ஒவ்வொன்றின் முதுகிலும் அவனவன் பெயர். எங்கள் பெயரை நாங்கள் அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆட்டம் முடிந்ததும் ஜெர்சிகள் கொழும்புக்குப் போய்விட்டன. தன் பெயர் போட்ட சட்டையை எவன் கோயில் பெட்டியில் வைப்பான்?

இந்த வருஷத் திருவிழாவுக்கு முன்பு, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் ஒபீஸிலிருந்து கணக்கப்பிள்ளை வந்து சொன்னார்.

“கிரவுண்டு சும்மா கெடக்குதுன்னு தொரை கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்தத் தடவை மேட்ச் நடந்தா விட்டுருவாரு. நடக்கலைன்னா தேயிலைக் கன்னு நட்ருவாங்க, பாத்துக்குங்க.”

எங்கள் தோட்டத்தில் சமமான தரை என்று இருப்பது அந்த ஒரு துண்டுதான். கொழும்புப் பையன்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கட்டாயம் வருகிறோம் என்றார்கள். மேட்சுக்கு முதல்நாள் அவர்களில் ஒருவன் கூப்பிட்டான்.

“அண்ணே, முதலாளி யாருக்கும் லீவு குடுக்கலண்ணே. இருக்கிற ஆளுகள வச்சு சமாளிச்சிருங்க.”

“சரி, ஜெர்சியவாவது பஸ்ஸுல போட்டு விடுங்கடா.”

“அது எங்க பேரு போட்டதாச்சேண்ணே” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். முதலாளி மேல்தான் கோபப்பட வேண்டும். ஆனால் அவரை எனக்குத் தெரியாதே.

மறுநாள் நாங்கள் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாக அலைந்து ஆள் சேர்த்தேன். ஆட்டத்தை விட்டுப் பல வருஷமாகிவிட்ட குடும்பஸ்தர்கள், முழங்கால் வலிக்காரர் ஒருவர், கடைசியில் பூசாரியின் மகனும் வந்தான். தகரப் பெட்டியைத் திறந்தோம். பூச்சி அரித்தது போக, பச்சையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. கிடைக்காதவர்கள் வீட்டு டீசேர்ட்டுடன் நின்றார்கள். பூசாரி எல்லோருக்கும் ஒரே மாதிரி திருநீறு பூசினார். ஒரே மாதிரி இருந்தது அது மட்டும்தான். கோலில் நின்று பார்த்தபோது ஒரு முதுகோடு இன்னொரு முதுகு சேரவில்லை.

எதிரணி பக்கத்துத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியது. பளிச்சென்ற சிவப்பு. நடுவராக வந்த பதுளைப் பள்ளிக்கூட வாத்தியார் எங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. ஒங்க ஆளு யாரு, அவங்க ஆளு யாருன்னு எனக்கே வெளங்கல. எப்படி விசில் ஊதுறது?”

“சட்டையக் கழட்டிட்டு ஆடுறோம் சார்” என்றேன்.

“சட்டையில்லாம ஆட ரூல்ஸ் இல்லீங்க.”

ஜெர்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சிவப்பு தவிர ஏதாவது ஒரே நிறத்தில் தேடி வாருங்கள் என்று கொஞ்ச நேரம் கொடுத்தார். நல்ல மனுஷன். ஆனால் ஒரே நிறச் சட்டைக்கு லயத்தில் எங்கே போவது? மூடுபனி இறங்கத் தொடங்கியதும் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். ஆடாமலே ஜெயித்து அவர்கள் லொறியில் ஏறினார்கள். கணக்கப்பிள்ளை தொரையின் ஒபீஸ் பக்கம் நடந்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. தடுத்து என்ன சொல்வது?

திருவிழாக் கொடி இறங்கிக் கொஞ்ச நாளில், காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்தபோது, கிரவுண்டில் தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டப் போகச் சொல்லி என் பெயரையும் வாசித்தார்கள். கங்காணி என்னைக் கோல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார். மற்ற இடமெல்லாம் புல்தரை, மண்வெட்டி லேசாக இறங்கியது. நான் நின்ற இடம் மட்டும் மொட்டையாக, மிதிபட்டுக் கல்லாக இறுகிக் கிடந்தது. மற்றவர்கள் வரிசை முடித்துப் போன பிறகும் நான் முதல் குழியிலேயே இருந்தேன்.

“என்னங்க, இன்னும் அங்கயேவா நிக்கிறீங்க?” என்று கங்காணி சத்தம் போட்டார்.

நான் மண்வெட்டியை ஓங்கி வெட்டினேன்.